புதுப் பதிப்பில் அலர்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது: சந்தோஷப்படலாமா?

இரவுக்காவல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சர்வர், ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் சேர்த்து 1,500 சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொள்கிறோம். அதன் அடுத்த பெரிய பதிப்பு இப்போது ரிலீஸ் கேண்டிடேட் (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) நிலையில் இருக்கிறது. எந்த மென்பொருள் என்று சொல்லவில்லை. கேள்வி அதைப் பற்றியது அல்ல.

தனி சர்வரில் நிறுவி, பழையதையும் புதியதையும் ஒரே சாதனங்கள் மேல் 6 நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினேன். டேஷ்போர்டு வேகமாகத் திறக்கிறது, தேடல் நன்றாக இருக்கிறது. இந்த 6 நாளில் பழையது 412 அலர்ட் கொடுத்தது. புதியது 279. வெளியீட்டுக் குறிப்பில் "தொடர்புடைய அலர்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இரைச்சலைக் குறைக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். மேலாளருக்கு ரொம்ப மகிழ்ச்சி. "இதற்குத்தானே காத்திருந்தோம், அடுத்த மாதமே மாற்றிவிடலாம்" என்கிறார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காணாமல் போன அந்த 133 அலர்ட்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. இரைச்சல் குறைந்திருக்கலாம், காது கேட்காமலும் போயிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இதை எப்படிச் சோதிப்பீர்கள்? கையில் மூன்று வாரம் இருக்கிறது.

பழையகோப்பு

உங்கள் மனசு சொல்வது சரி. அதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்து அலர்ட்டுகளையும் வரிசையாக வெளியே எடுங்கள். சாதனத்தின் பெயர், எந்தச் சோதனை, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் வைத்துப் பொருத்துங்கள். நேரத்தில் 5 நிமிட வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். பொருந்தாமல் நிற்கும் 133-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் கொஞ்சம் உதவும், ஆனால் கடைசியில் மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்த நேரத்தில் அந்தச் சாதனத்தில் உண்மையாகவே பிரச்சினை இருந்ததா? புதியதில் மட்டும் வந்த அலர்ட் ஏதாவது இருந்தால் அதையும் இதே மாதிரி பாருங்கள்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புதுப் பதிப்புக்கு மாறிய பிறகு ஒரு வாரம் அமைதியாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வாரம் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி முழுதாக விழுந்தது. லாகைப் பார்த்தால், அதில் முதல் டிஸ்க் போய் 9 நாள் ஆகியிருந்தது. பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. எங்கள் திரையில் பச்சை. அந்த 9 நாளில் யாராவது ஒரு டிஸ்கை மாற்றியிருந்தால் போதும். மூன்று நாள் இரவு பகலாக பேக்கப்பிலிருந்து மீட்டோம். அதற்குப் பிறகு எனக்கு அமைதியான டேஷ்போர்டைக் கண்டால் முதலில் சந்தேகம்தான் வரும்.

தரவுத்தளம்

அலர்ட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் டேட்டாபேஸ் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பி வர முடியாத கதவு அங்கேதான் இருக்கிறது.

ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பின் சர்வரைத் தொடங்கிய உடனே அதுவே டேட்டாபேஸ் அமைப்பை மாற்றிவிடும். அதன் பிறகு பழைய சர்வர் அந்த டேட்டாபேஸில் ஓடாது. திரும்ப வேண்டுமென்றால் பேக்கப் மட்டும்தான் வழி. புரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளிலும் 3.0 பதிப்புக்குப் போனவர்கள் அதே தரவோடு 2.55 வரைதான் இறங்க முடியும். அதற்கு முந்தைய பதிப்புகளால் புதுத் தரவைப் படிக்க முடியாது. உங்கள் மென்பொருளில் எப்படி என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்து, காலியான டேட்டாபேஸில் அப்டேட் செய்து பார்ப்பதால் ஒன்றுமே தெரியாது. உங்கள் உண்மையான டேட்டாபேஸின் முழு நகலை எடுத்து அதன் மேல் ஓட்டுங்கள். நான் ஒருமுறை சின்னச் சோதனை நகலில் பார்த்தபோது 4 நிமிடத்தில் முடிந்தது. உண்மையானதில் 11 மணி நேரம் ஓடியது. வரலாற்று டேபிள் முழுவதையும் அது திரும்ப எழுதியது. அந்த 11 மணி நேரமும் நிறுவனத்தில் கண்காணிப்பே இல்லை.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். 1,500 சாதனம், ஒவ்வொன்றிலும் 60 அளவீடு, நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் வினாடிக்கு 1,500 மதிப்பு வருகிறது. ஒரு நாளைக்கு 12 கோடியே 96 லட்சம். ஜாபிக்ஸ் ஆவணத்தில் எண் வகை மதிப்பு ஒன்றுக்குச் சுமார் 90 பைட் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 11.7 ஜிபி. புதுப் பதிப்பு ஒரு மதிப்போடு இன்னொரு 20 பைட் சேர்த்து எழுதினால்கூட வருடக் கடைசியில் அது தெரியும். 6 நாள் ஓட்டியிருக்கிறீர்களே, இரண்டு டேட்டாபேஸும் எவ்வளவு வளர்ந்தன என்று பாருங்கள்.

புதுவரவு

அண்ணா, நான் இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். இரண்டு சர்வரும் ஒரே சாதனத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சாதனத்துக்குச் சுமை இரட்டிப்பு ஆகாதா? சோதனைச் சர்வர்கள் மேல் மட்டும் ஓட்டினால் போதாதா?

வலைக்கண்ணி

நல்ல கேள்வி. சுமை கூடும், உண்மைதான். பெரும்பாலான சாதனங்களுக்கு அது பொருட்டே இல்லை. பழைய ஸ்விட்ச்களில் பெரிய டேபிள்களை எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்கும்போது சிபியு ஏறும். அவற்றை மட்டும் தனியாக எடுத்து, கேட்கும் நேரத்தைத் தள்ளி வைத்தால் சமாளிக்கலாம். சோதனைச் சர்வர்கள் மட்டும் போதாது. அவை எல்லாமே ஒரே மாதிரி, சுத்தமாக இருக்கும். உண்மையான நெட்வொர்க்கில் பத்து வருடத்துப் பெட்டி இருக்கும், யாரோ பெயர் மாற்றிய இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) இருக்கும், பாதி பதில் சொல்லும் சாதனம் இருக்கும். பிழைகள் அங்கேதான் பிடிபடும்.

இரவுக்காவல், உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். முதலாவது, டிராப் என்ற உடனடி அறிவிப்பும் சிஸ்லாக் என்ற பதிவுச் செய்தியும். இவை நாம் கேட்டு வருபவை அல்ல, சாதனமே அனுப்புபவை. சாதனத்தில் பழைய சர்வரின் முகவரி மட்டும்தான் இருக்கும். புதிய சர்வரையும் சேர்க்காவிட்டால் அந்த அலர்ட்டுகள் அங்கே வரவே வாய்ப்பில்லை. 133-இல் ஒரு பகுதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது மென்பொருளின் குறை இல்லை, சோதனையின் குறை.

இரண்டாவது, இன்டர்ஃபேஸ் கவுன்டர், அதாவது அந்த முனை வழியாகப் போன பைட்டுகளை எண்ணிக்கொண்டே போகும் எண். புதுப் பதிப்பு சாதனங்களைத் திரும்பக் கண்டறியும்போது 64 பிட் கவுன்டரை விட்டுவிட்டு 32 பிட் கவுன்டரைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 32 பிட் பைட் கவுன்டர் 34 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை படித்தால் நடுவில் எட்டு தடவைக்கு மேல் சுற்றியிருக்கும். மென்பொருள் ஒரு சுற்றாகக் கணக்குப் போட்டு, நிரம்பி வழியும் லிங்கைக் காலியாகக் காட்டும். கிராஃப் அழகாகத்தான் இருக்கும், பிழைச் செய்தியும் வராது. உங்களிடம் உள்ளதிலேயே நெரிசலான லிங்க்கை எடுத்து, இரண்டு பக்கத்துக் கிராஃபையும் ஒரே நேர அளவில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரடிஇயக்கம்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இரவில் போன் அடித்து எழுந்திருக்கும் ஆள் நான். ஒரே ஸ்விட்ச் விழுந்ததற்கு 40 அலர்ட் வரும்போது, 41-ஆவதாக வரும் உண்மையான அலர்ட்டை யாரும் படிப்பதில்லை. இரைச்சலைக் குறைப்பது சொகுசு அல்ல. அதுவும் பாதுகாப்புதான். சந்தேகம், சந்தேகம் என்று ஒவ்வொரு பதிப்பையும் ஆறு மாதம் தள்ளிப் போட்டு, ஆதரவு முடிந்த பதிப்பில் உட்கார்ந்திருந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தமும் வராமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்னொன்று. ரிலீஸ் கேண்டிடேட்டை யாருமே உண்மையான சுமையில் ஓட்டிப் பார்க்காவிட்டால் அதே பிழைகள் இறுதிப் பதிப்பில் நம் எல்லோருக்கும் வரும். அதனால் சோதியுங்கள், ஆனால் வேகமாகச் சோதியுங்கள். கண்டதை உடனே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். தேதி தாண்டிய பிறகு எழுதினால் "அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்" என்றுதான் பதில் வரும்.

பூட்டும்சாவியும்

யாரும் பாதுகாப்பைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். கண்காணிப்பு மென்பொருளின் கையில் எல்லாக் கதவுக்கும் சாவி இருக்கிறது. 2020-இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருள் விஷயத்தில் உலகம் பார்த்தது இதைத்தான். தயாரிப்பாளரின் முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்த அப்டேட்டுக்குள்ளேயே பின்கதவு இருந்தது. 18,000-க்குச் சற்றுக் குறைவான வாடிக்கையாளர்கள் அதை நிறுவியிருக்கக்கூடும் என்று நிறுவனமே சொன்னது. அந்த நிரல் நிறுவிய உடனே எதுவும் செய்யவில்லை. இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டுத்தான் வெளியே பேசத் தொடங்கியது. அதனால் கையொப்பம் சரியாக இருக்கிறது, முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதெல்லாம் போதாது.

சோதனைச் சர்வருக்குத் தனிக் கணக்குகள் கொடுங்கள், படிக்கும் உரிமை மட்டும். உண்மையான நிர்வாகி பாஸ்வேர்டுகளை அதில் நகல் எடுக்காதீர்கள். பழைய டேட்டாபேஸை அப்படியே நகல் எடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையத்துக்கு வெளியே போகும் வழியை அடைத்துவிட்டு, எங்கெல்லாம் போக முயல்கிறது என்று ஃபயர்வால் லாகில் பாருங்கள்.

ஏஜென்ட்டை (ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்து அளவீடுகளை அனுப்பும் சிறு நிரல்) எல்லாச் சர்வரிலும் ஒரே மூச்சில் ஏற்றவே கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது கண்காணிப்பு மென்பொருள் இல்லைதான். ஆனால் எல்லாக் கணினியிலும் உயர்ந்த உரிமையோடு உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் என்ற வகையில் நம் ஏஜென்ட்டும் அதே இனம். முதலில் 5, இரண்டு நாள் கழித்து 50, அப்புறம் மற்றவை.

இரவுக்காவல்

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக இதே வேலைதான். 133-ஐயும் உட்கார்ந்து பிரித்துவிட்டேன்.

51 அலர்ட், சரியாக ஒன்றாகச் சேர்க்கப்பட்டவை. ஒரு ஸ்விட்ச் விழுந்ததும் அதன் பின்னால் இருந்த சர்வர்களின் அலர்ட்டுகளை அதற்குள்ளேயே வைத்திருக்கிறது. நேரடிஇயக்கம் சொன்னது போல இது உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். 38 அலர்ட், வலைக்கண்ணி சொன்ன டிராப். புதிய சர்வர் முகவரியைச் சாதனங்களில் நான் சேர்க்கவே இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன். 17 அலர்ட், விழுவதும் எழுவதுமாக ஆடிக்கொண்டிருந்த சோதனைகள். புதியது தொடர்ந்து மூன்று தடவை தோற்றால்தான் அலர்ட் கொடுக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளலாம்.

மீதி 27. இவை உண்மையான பிரச்சினைகள். புதியது எதுவுமே சொல்லவில்லை.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு பேக்கப் சர்வரில் அதிகாலை 2:10-க்கு ஏஜென்ட் நின்றுவிட்டது. பழையதில் 2:13-க்கு அந்தச் சர்வர் சாம்பல் நிறமாகி "தரவு வரவில்லை" என்று அலர்ட் வந்தது. புதியதில் அதே சர்வர் காலை 9:40 வரை பச்சை. டிஸ்க் பயன்பாடு 41 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. கிராஃபைத் திறந்தேன். 2:10 வரை பல்பல்லாக ஏறி இறங்கும் கோடு. அதன் பிறகு அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரே நேர்க்கோடு, ஏழரை மணி நேரத்துக்கு. கடைசியாக வந்த மதிப்பையே இப்போதைய மதிப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. 27-இல் 22 இதே வகை.

பழையகோப்பு

அதேதான். எங்கள் ஸ்டோரேஜ் பெட்டியும் இப்படித்தான் பச்சையாக இருந்தது.

"மதிப்பு சரியாக இருக்கிறது", "மதிப்பே வரவில்லை" என்ற இரண்டும் கண்காணிப்பில் வேறு வேறு நிலைகள். பதிப்பு மாறும்போது இந்தக் கோடு அழிவது அடிக்கடி நடக்கிறது. புரோமிதியஸில் ஒரு தொடருக்கு (ஓர் அளவீட்டின் மதிப்பு வரிசைக்கு) தரவு வராவிட்டால் அலர்ட் விதி வெறுமையாகத் திரும்பும், அலர்ட் வராது. அதற்காகவே ஆப்சென்ட் என்ற செயல்கூறு இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 3.0-இல் கால வரம்பின் இடது ஓரத்தில் சரியாக விழும் புள்ளியை இனி சேர்ப்பதில்லை என்று மாற்றினார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் 1 நிமிட வரம்பை 1 நிமிடப் படியில் கேட்கும் துணை வினவல் (ஒரு வினவலுக்குள் ஓடும் இன்னொரு வினவல்) முன்பு இரண்டு புள்ளி தந்தது, இப்போது ஒன்றுதான் தரும். வேகம் கணக்கிட இரண்டு புள்ளி வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கிட முடியாமல் விடை வெறுமையாகும், அதை நம்பிய அலர்ட் வாயே திறக்காது. அவர்கள் இதை வழிகாட்டியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் விதியை மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் 22-ம் எந்தச் சோதனைகளில் வந்தன? மென்பொருளோடு வந்தவையா, நீங்களே எழுதியவையா?

இரவுக்காவல்

நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். 22-ம் நாங்களே எழுதியவை, அல்லது வந்ததை நகல் எடுத்துத் திருத்தியவை. மென்பொருளோடு வந்த டெம்ப்ளேட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

"தரவு வராவிட்டால் அலர்ட்" என்ற அமைப்பு எத்தனை சோதனைகளில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் எண்ணினேன். பழையதில் 318, புதியதில் 207. அப்டேட்டின்போது 111 சோதனைகளில் அந்த அமைப்பு சத்தமில்லாமல் கழன்றிருக்கிறது. லாகில் ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை. மீதி 5 அலர்ட் வேறு கதை. மெயின்டனன்ஸ் நேரம் (அலர்ட் வேண்டாம் என்று குறித்து வைத்த பராமரிப்பு நேரம்) யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு இரண்டு தடவை மாற்றப்பட்டு, தவறான நேரத்தில் அலர்ட்டை அடக்கியிருக்கிறது.

இரண்டையும் தயாரிப்பாளருக்கு எழுதிவிட்டேன். கிராஃப் படம், எண்ணிக்கை, எந்த அமைப்பிலிருந்து எப்படி மாறியது என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். மறுநாளே பதில் வந்தது. முதலாவதை அவர்களாலும் உண்டாக்கிப் பார்க்க முடிந்ததாம். இரண்டாவதற்கு இன்னும் லாக் கேட்கிறார்கள்.

மேலாளரிடம் எண்களைச் சொல்லவில்லை. அந்த நேர்க்கோட்டு கிராஃபை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம் பேக்கப் சர்வரா?" என்று கேட்டார். தேதியைத் தள்ளி வைக்க அவரே சொன்னார்.

புதுவரவு

அண்ணா, 6 நாளில் தற்செயலாக நடந்ததைத்தானே ஒப்பிட்டீர்கள்? அந்த 6 நாளில் நடக்காத பழுதுகளை எப்படிச் சோதிப்பது?

வலைக்கண்ணி

நாமேதான் உண்டாக்க வேண்டும். சோதனைச் சர்வரில் டிஸ்கை நிரப்புங்கள், ஏஜென்ட்டை நிறுத்துங்கள், ஸ்விட்ச் கேபிளைப் பிடுங்குங்கள், கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். கண்காணிப்புச் சர்வரையே நிறுத்திப் பாருங்கள், அது விழுந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? வெளியே வேறொரு இடத்திலிருந்து அதன் உயிர்த்துடிப்பைப் பார்க்க ஒன்று வேண்டும். செய்வதற்கு முன்பே எந்த அலர்ட் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதினால் வந்ததையே சரி என்று எழுதிவிடுவோம்.

இரவுக்காவல்

செய்தோம். 14 பழுதுகள், இரண்டு பதிப்பிலும் ஒரே நேரத்தில். புதியதில் 11 சரியான நேரத்தில் வந்தன, 2 தாமதம், 1 வரவே இல்லை. வராதது எதிர்பார்த்ததுதான், எங்கள் சொந்தச் சோதனையில் ஏஜென்ட் நின்றது.

நான் எதிர்பார்க்காதது வேறு. பழையதும் ஒன்றைத் தவறவிட்டது. காலாவதியான சான்றிதழை அது பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தால், அந்தச் சோதனை எப்போதோ பெயர் மாறிவிட்ட ஒரு சர்வரின் பழைய பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. புதியதைச் சோதிக்கப் போய்ப் பழையதன் ஓட்டையும் கிடைத்தது.

நேரடிஇயக்கம்

இதற்காகவாவது மூன்று வாரம் தகும். வேகமாக முடியுங்கள் என்று சொன்னவன் நான்தான். 111 சோதனை கழன்றதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தது வேகம்தான். தாமதமான அந்த 2 எவ்வளவு தாமதம்?

இரவுக்காவல்

ஒன்று 4 நிமிடம், இன்னொன்று 9 நிமிடம். 9 நிமிடம் வந்தது ஸ்விட்ச் விழுந்த அலர்ட்டில். மற்றவற்றோடு சேர்க்கலாமா என்று காத்திருந்து அனுப்புகிறது. அந்தக் காத்திருப்பு நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்திருக்கிறேன்.

நேற்று இரண்டாவது ரிலீஸ் கேண்டிடேட் வந்தது. பழைய டேட்டாபேஸின் புது நகலில் முதலிலிருந்து ஏற்றினேன். எண்ணிக்கை இந்த முறை 318-க்கு 318. ஏஜென்ட்டை நிறுத்தியதும் மூன்றாவது நிமிடம் சாம்பல் நிறம் வந்துவிட்டது. 14 பழுதில் 13 நேரத்துக்கு வந்தன, ஒன்று இன்னும் 3 நிமிடம் தாமதம். மெயின்டனன்ஸ் நேரப் பிழை அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தும் வரை இறுதிப் பதிப்பு வந்தாலும் மாற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். மாறிய பிறகும் பழையது 30 நாள் பக்கத்தில் ஓடும். போன் அடிக்காது, பதிவு மட்டும் செய்யும்.

டேட்டாபேஸ் அப்டேட்டுக்கு முழு நகலில் 6 மணி 20 நிமிடம் ஆனது. பேக்கப்பிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்புவதைச் சனிக்கிழமை இரவு செய்து பார்க்கிறோம். எவ்வளவு நேரம் ஆனது என்று ஞாயிற்றுக்கிழமை இங்கேயே எழுதுகிறேன்.